துணிக்குள் போன கை

யாராவது வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் பாடுகிறார்கள், டிக்கெட் கிடையாது, முடிந்ததைப் போடுங்கள், கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குப் போகும் என்று அழைப்பிதழை நீட்டினால் எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது. போவேன், முன்வரிசையில் உட்காருவேன், போட வேண்டியதைப் போடுவேன். ஆனால் மேடையில் தாளம் தட்டுகிற பிள்ளை யாரென்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படியொரு மேடையிலிருந்து குதித்து ஓர் ஆளின் மண்டையை உடைத்தவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு மில் வீடு. சங்கு ஊதினால் எழுவோம், சங்கு ஊதினால் சாப்பிடுவோம், அடுத்த சங்குக்குக் கொஞ்ச நேரம் கழித்துத் தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு அப்பாக்கள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். என் அப்பாவுக்குத் தறியில் வேலை. எதிர்வீட்டு மாமாவுக்கும் அதே தறிதான். மாமா என்றால் சொந்தமில்லை. எதிர்வீட்டில் இருந்தார், அதனால் மாமா. வாட்டசாட்டமான ஆள், குரல் அதைவிடப் பெரிது. சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. ஒரே தட்டில் தின்போம், ஒரே சீப்பால் தலை வாருவோம், ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுப்போம்.

மில் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது கை போச்சு, கால் போச்சு, சாவு விழுந்தது என்றால் துணி ஏந்துவார்கள். புதுக் காடாத் துணி ஒன்றை நாலு பேர் நாலு முனையில் பிடித்து, வாயைக் குறுக்கிப் பைபோல் ஆக்கிக்கொண்டு கேட்டில் நிற்பார்கள். வேலை முடிந்து வருகிற ஒவ்வொருவரும் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு வந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அங்கேதான் விரலைத் திறக்க வேண்டும். கைக்குள் இருந்தது நோட்டா, நாலணாவா, ஒன்றுமே இல்லையா, யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. இல்லாதவனும் வெறும் கையை மூடிக்கொண்டு வந்து உள்ளே விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து போகலாம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் ஒரு தடவை துணிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ நக்கலடித்திருக்கிறான். அவன் முன்பல்லோடு வீட்டுக்குப் போகவில்லை. துணியில் கை போட்டவன் நம்ம ஆள். அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாருடைய பொறுப்பு. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவனை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கூலித் தகராறில் மில்லைப் பூட்டிவிட்டார்கள். முதலில் எங்களுக்குக் கொண்டாட்டம். அப்பாக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள், தெருவில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். அரிசிப் பானையில் அடி தெரியத் தெரிய வீட்டுக்கு வீடு அடியும் தொடங்கியது. இந்த வீட்டில் தட்டு பறக்கும், அந்த வீட்டில் பிள்ளை அலறும், மூன்றாவது வீட்டில் ஒருத்தி தலைவிரி கோலமாகத் தெருவுக்கு ஓடி வருவாள். விலக்கப் போகிறவனுக்கும் இரண்டு விழும். எங்கள் வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மாறி மாறி வந்து, விஷக் காய்ச்சலாகி, பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அம்மா ஒரு நாள் அப்பாவைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"உன் சங்கம் எம்புள்ளைக்கு இப்ப பால் வாங்கி ஊத்துமா? இல்ல, குழியில வெச்சு பால் ஊத்துற அன்னிக்குதான் வருமா?"

 மறுநாள் அப்பா மில்லின் பின்வாசல் வழியாக உள்ளே போனார். நிர்வாகம் வெளியே தெரியாமல் சில தறிகளை ஓட்டிக்கொண்டிருந்தது. அப்படி உள்ளே போகிறவனைக் கருங்காலி என்பார்கள். எங்கள் தெருவில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அப்பா போனார், தம்பிக்குப் பாலும் மாத்திரையும் வந்தன. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பட்டப்பகலில் பின்வாசல் சந்தில் பிடித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு மாமாதான் முதல் ஆள். "எந்தக் கையால தறி ஓட்ன? இந்தக் கைதான?" என்று கேட்டார். இரண்டு பேர் அப்பாவை அமுக்கிப் பிடிக்க, வலது கையை இழுத்துச் சாக்கடைக் கல்மேல் வைத்து, இரும்புக் கம்பியால் அடித்தார். இதை எனக்கு யாரும் கதையாகச் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனவள் நான். விரல் எலும்பு உடைகிற சத்தம் பெரிய சத்தமில்லை. அப்பா போட்ட சத்தம்தான் பெரிது. நான் தூக்குச்சட்டியை வீசினேன், யார் மேலும் படவில்லை. சோறு மண்ணில் கொட்டியதுதான் மிச்சம். சோற்றைக் கொட்டியதற்கு அன்றைக்கு அம்மாவிடம் தனியாக அடி வாங்கினேன்.

உளுந்தும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். மில்லுக்குச் சொல்லி அனுப்பினால், "கை இல்லாதவனுக்கு இங்க இன்னா வேலை?" என்று கை கழுவிவிட்டார்கள். தெருவும் கை கழுவியது. யாரும் எங்களோடு பேசக் கூடாது, நெருப்பு தரக் கூடாது, குழாயடியில் எங்கள் குடம் நிற்கக் கூடாது. அம்மா குடத்தை வைத்தால் எதிர்வீட்டு அத்தை வந்து காலால் எத்துவாள். பித்தளைக் குடம், எத்த எத்த நசுங்கிப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாள். நான் அம்மா மாதிரி இல்லை. அத்தையின் மகள் என்னைப் பார்த்து, "கருங்காலி மவளே" என்று சொன்ன அன்றைக்கு அவளைக் குழாயடிச் சேற்றில் போட்டுப் புரட்டிக் காதைக் கடித்தேன். ரத்தம் உப்பாக இருந்தது. அவளும் சும்மா இல்லை, என் புருவத்தைக் கிழித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அம்மா வைத்திக்குப்பத்துக்குப் போய் மீன் கூடை தூக்கினாள். கூலிக்குப் பதில் பாதி நாள் நசுங்கின மீன்தான் கொடுப்பார்கள். முருங்கைக் கீரை, கூழ், மரவள்ளிக் கிழங்கு, சில நாள் அதுவும் இல்லை. பசி என்றால் வயிறு வலிக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். யாரைப் பார்த்தாலும் அறைய வேண்டும் போல் இருக்கும்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் அந்தக் கச்சேரியை அறிவித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகளில் மூத்தவரை நாங்கள் மேர் என்போம். பிரெஞ்சில் தாய் என்று அர்த்தமாம். மேர் பிரார்த்தனை நேரத்தில் சொன்னார்: மில் குடும்பங்களுக்காகப் பிள்ளைகள் பாடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளி முற்றத்தில். எல்லாரும் வரலாம், இலவசம். வருகிறவர்கள் அரிசியோ பருப்போ காசோ கையில் இருப்பதைப் போடலாம். சேர்வதைச் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள்.

சங்கம் இரண்டு நிபந்தனை போட்டது. உண்டியல் கிண்டியல் எல்லாம் வேண்டாம், துணிதான் ஏந்துவோம், மூடின கைதான் போட வேண்டும். இரண்டாவது, கருங்காலி கை துணியில் படக் கூடாது. அந்த இரண்டாவது நிபந்தனையைச் சொல்ல எதிர்வீட்டு மாமாவே எங்கள் வாசலுக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை, உதைத்தார். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. "சொல்லிட்டேன். உங்கூட்டுக் கை உள்ள வந்துச்சு, மொழங்கையோட முறிச்சிடுவேன்" என்றார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை.

மாமா போன பிறகு அம்மா தாழ்ப்பாளை எடுத்து ஆணி அடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நீ பாட்டுல சேரு."

"நான் ஏன் பாடணும்? அப்பா கைய ஒடச்சவனுங்க சோறு துன்னணும்னு நான் பாடணுமா? மாட்டேன்."

பளார் என்று ஒன்று விழுந்தது. சுத்தியல் இல்லாத கையால்தான் அடித்தாள், அந்த மட்டும் நல்லது.

"பாடற புள்ளைங்களோட அப்பா அம்மாவ முன்வரிசையில உக்கார வைப்பாங்களாம். மேர் சொல்லிட்டா எவனும் எழுப்ப முடியாது. துணி முன்வரிசைக்கு வந்துதான ஆவணும்? வரும்போது உங்கப்பன் கைய உள்ள வுட்ருவான். வுட்டுட்டா அதுக்கப்புறம் நாம அவங்க ஆளு. அவங்க சட்டம்தான? அவங்களே மீற முடியுமா? கொழாயில தண்ணி புடிக்கலாம். பங்கு அரிசி வரும். புரியுதா? நீ மேடையில நின்னாதான் இது நடக்கும்."

அம்மாவின் மூளை அப்படி. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. மறுநாள் போய்ச் சேர்ந்தேன்.

பாட்டு வாத்தியார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பேண்டு வாசித்துவிட்டு பென்ஷனில் இருந்தவர். ஆர்மோனியத்தின் மேல் ஒரு மர ஸ்கேல் வைத்திருப்பார். "ஆன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார், த்ருவாவுக்குள் வாய் திறக்காதவள் முட்டியில் ஸ்கேல் விழும். குருவி ஒன்று தன் வாயில் இருந்த நெல்லைப் பங்கு போட்டுக் கொடுக்கிற பாட்டு, அவரே கட்டியது. அன்பு, இரக்கம் என்று ஒவ்வொரு அடியிலும் வரும். அந்த அன்பைச் சரியான சுருதியில் பாடாததற்காக நாங்கள் வாங்கிய அடிக்கு அளவே கிடையாது. மற்ற பிள்ளைகள் என்னை இடித்தார்கள், கிள்ளினார்கள், என் பாவாடை நாடாவைப் பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு தடவை மேர் என்னைச் சரளைக் கல்லில் முட்டி போட வைத்தார். மூன்றாவது தடவை வாத்தியார் என் கையில் ஒரு ஜோடி வெண்கலத் தாளத்தைத் திணித்தார். நல்ல கனம்.

"உன் கை எப்படியும் எதையாவது அடிக்கும். இதை அடி. வேற யாரையும் அடிக்காத" என்றார்.

நிஜம் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. வெண்கலத்தை வெண்கலத்தில் மோதினால் தோள்பட்டை வரை அதிரும். மாமா முகத்தை நினைத்துக்கொண்டு மோதுவேன். எதிர்வீட்டுக்காரி மகள் என் பக்கத்தில்தான் நிற்பாள், கடிபட்ட காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. ஒவ்வொரு மோதலுக்கும் அவள் கண் சிமிட்டும்.

கச்சேரிக்கு முந்தின வாரம் அப்பாவின் கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் ஐந்தும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன, மடங்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கையை மூட முடியாதவன் துணியில் எப்படிக் கை போடுவது?

அம்மா விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தடவித் தடவி விரல்களை மடக்கப் பார்த்தாள். அப்பா கத்தினார். அம்மா விடவில்லை. ஒரு விரலை அழுத்தி மடக்கியபோது வலி தாங்காமல் அம்மாவின் வயிற்றில் உதைத்துவிட்டார். அம்மா சுவரோடு போய் மோதி, எழுந்து வந்து, திரும்பவும் அந்த விரலையே பிடித்தாள். தம்பி வீறிட்டு அழுதான்.

"சரி வுடு. எடது கையால போடு. அது நல்லாத்தான இருக்குது?"

"எடது கையாலயா? பொணத்துக்கா போடுறேன்? எடது கைய நீட்டினா அது போட்டதாவாது. காறித் துப்புன மாதிரி."

"அப்போ சோத்துக் கையில ஒரு புடி அரிசியாவது வெச்சு..."

"அரிசிக்கு எங்க போவ?" என்று அப்பா கேட்டார்.  வீட்டில் அரிசி என்று ஒன்று இருந்து வெகு நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றம் நிரம்பி வழிந்தது. கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து விசிறியோடு வந்த அம்மாமார்கள், பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்கள், உழவர்கரையிலிருந்து நெல் மூட்டையோடு மாட்டு வண்டியில் வந்த விவசாயிகள், வைத்திக்குப்பத்துப் பெண்கள். மீன்காரப் பெண்கள் கூடை கூடையாகக் கருவாடு கொண்டுவந்திருந்தார்கள். அதைத் துணியில் போடக் கூடாது என்று சங்கத்து ஆள் ஒருத்தன் தடுக்க, ஒருத்தி கூடையாலேயே அவன் தலையில் போட்டாள். "பசிக்குக் கருவாடு நாறுமாடா? வாங்கி வைடா ஓரமா." வாங்கி வைத்தான். பின்னால் முழுக்க மில் ஆட்கள். பட்டினி கிடந்த முகங்கள், எவனைடா அடிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்த முகங்கள்.

அம்மா சொன்னபடியே அப்பாவை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். வெளுத்த வேட்டி, சட்டையின் வலது கைக்குள் அந்தக் கை. பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது, "எழுப்புடா அவன." மேர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு நின்றது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் நான் முதல் வரிசையில் தாளத்தோடு நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன், தே, த்ருவா. குருவிப் பாட்டு தொடங்கியது. துணியும் கிளம்பியது. நாலு முனையில் நாலு பேர், முன்பக்கத்து முனையில் எதிர்வீட்டு மாமா. பெரிய வீட்டு அம்மாமார்களும் சொல்லிக்கொடுத்தபடி கையை மூடிக்கொண்டு போட்டார்கள். துணி முன்வரிசைக்கு வந்தது. அம்மா தன் மூடின கையை நீட்டினாள். மாமா துணியை மேலே தூக்கிவிட்டார். அவள் கைக்கு எட்டவில்லை. அப்பாவைக் கடந்து போகப் போனார்கள்.

அப்பா எழுந்தார். எழுந்து, வலது கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்துத் துணியின் முன்னால் நீட்டினார். ஐந்து விரலும் விரிந்து நின்றன. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. ஊரே பார்த்தது. மில் ஆட்களில் வெறும் கையோடு வந்தவர்கள் அன்றைக்கு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், எல்லாரும் மூடிக்கொண்டு வந்தார்கள். எங்கப்பா ஒருத்தருடைய கைதான் திறந்து கிடந்தது. பின்னால் எவனோ சிரித்தான். "ஐய, காலிக் கைடா!" என்றான்.

நான் தாளத்தை மோதிக்கொண்டேதான் பார்த்தேன். மாமா துணி முனையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்து அழுத்தினார். அப்பா போட்ட சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பின்வாசல் சந்தில் கேட்ட அதே சத்தம்.

அதற்கப்புறம் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மேடையிலிருந்து குதித்தேன். தாளத்தில் ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவின் நெற்றியில் ஓங்கி அறைந்தேன். குனிந்திருந்தார், வாகாக இருந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு கொட்டியது. இன்னொன்று போட்டேன், காதோரம். மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது யாரோ என் ஜடையைப் பிடித்து இழுத்துத் தரையில் தேய்த்தார்கள். அம்மா அந்த ஆளின் கையைக் கடித்தாள். பின்வரிசை எழுந்து முன்னால் வந்தது. நாற்காலிகள் சரிந்தன. விசிறிக்கார அம்மாமார்கள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அப்பாவின் சட்டையை ஒருத்தன் பிடித்தான், இன்னொருத்தன் முதுகில் குத்தினான். மேடைமேல் பாட்டு வாத்தியார் ஸ்கேலை வீசிக்கொண்டு, "நிறுத்தாதீங்கடி! பாடுங்க! பாடுங்க!" என்று கத்தினார். அடிக்குப் பயந்து பிள்ளைகளும் குருவி நெல்லைப் பங்கு போடுவதைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். தாளம் மட்டும் இல்லை.

எல்லாச் சத்தத்துக்கும் மேலே மாமாவின் குரல் கேட்டது.

"நிறுத்துங்கடா! எவன்டா அது அவன் மேல கை வெக்கிறது? கை உள்ள போயிடுச்சுடா! பாத்தீங்க இல்ல? நாந்தான் முனையப் புடிச்சிருந்தேன். உள்ள போயிடுச்சு. அவ்ளோதான். போங்கடா அந்தாண்ட!"

"மண்டைய ஒடச்சிருக்கா மாமா, அந்தக் குட்டி..." என்றான் ஒருத்தன்.

"எம்மண்டை. உனக்கு இன்னாடா?"

துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு, கீழே விழுந்திருந்த துணி முனையை எடுத்துப் பிடித்து, அடுத்த ஆள் முன்னால் போய் நின்றார். காடாத் துணியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மிச்சமிருந்த வரிசைகள் எல்லாம் அதற்குள்தான் கை விட்டன.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். "போச்சு, எல்லாம் போச்சு, எடுத்தேன் கவுத்தேன்னு... சனியனே, ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?" வீட்டுக்குள் வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். கை வீங்கியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவன் என் கைய மூடினான்டி. எல்லாவனும் பாக்கறானுங்களேன்னு ரெண்டு கையாலயும் பொத்தி, மூடி, உள்ள தள்ளுனான். மடங்காத விரல மடக்கினா வலிக்காதா? கத்திட்டேன். அவன் அடிக்கல."

அப்படியென்றால் நான் அடித்தது தப்பாகிவிடும். ஆனால் விடுவேனா?

"அந்தக் கைய ஒடச்சது யாரு?" என்று கேட்டேன்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அத்தை தெருவைக் கடந்து வந்தாள். இடுப்பில் முறம், முறத்தில் அரிசி, மேலே நாலு கருவாடு. மில் வீடு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவோ அவ்வளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். கொட்டிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னை இழுத்து, காது கொய்யென்று கேட்கும்படி ஓர் அறை விட்டாள்.

"அரிசி ஊட்டுக்கு. இது உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா அரிசியை உலையில் போடப் போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு வெந்தது. தம்பி சோற்றைப் பார்த்துச் சிரித்தான். கன்னம் எரிய எரிய நானும் தின்றேன். சாயங்காலம் அம்மா நசுங்கின குடத்தைக் குழாயடியில் வரிசையில் வைத்தாள். யாரும் எத்தவில்லை.

மில் திறந்தது. அப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை, விரல் மடங்காதவன் அறுந்த நூலுக்கு எப்படி முடிச்சுப் போடுவான்? ஒரு சினிமாக் கொட்டகையில் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டார். மாமாவும் அப்பாவும் திரும்பப் பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்குப் பலகாரம் வரும், போகும். அந்தக் கையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாமாவின் நெற்றியில் புருவத்துக்கு மேலே பிறைமாதிரி ஒரு தழும்பு நின்றுவிட்டது. தெருவில் என்னைப் பார்த்தால் அதைத் தடவிக்கொண்டு, "இன்னா பாட்டுக்காரி, தாளம் எங்க?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். மாமா என்று கூப்பிடவே மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமாகி உழவர்கரையில் இருந்த நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமா படுத்த படுக்கையாகிவிட்டார் என்றார்கள். இத்தனை வருஷப் பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. அத்தை சந்தைக்குப் போக வேண்டும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அம்மா மூலமாகக் கேட்டிருந்தாள். போனேன். வாட்டசாட்டமான அந்த ஆள் கட்டிலில் கால்வாசி இடத்தில் கிடந்தார். மூச்சு கீச்சு கீச்சென்று இழுத்தது.

பத்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் மாமா நீ சொல்லல? கைய மூடத்தான் புடிச்சேன், அதுக்குப் போயி இந்தப் பொண்ணு அடிச்சிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"மூடுனதுக்கா நீ அடிச்ச? ஒடச்சதுக்கு இல்ல அடிச்ச. எனக்குத் தெரியாதா?"

"அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு நெனச்சியா?"

"இல்லியா?"

"இல்ல. ஒன் நெத்தி ஒரு மாசத்துல ஆறிடுச்சு. அப்பா கை இன்னும் மூடல."

அவர் கோபப்படவில்லை. தழும்பைத் தடவிக்கொண்டு, "தெரியும்" என்றார். "தெனம் சைக்கிள உருட்டிக்கினு போறான். பாக்கறேன்."

பிறகு தண்ணீர் கேட்டார். டம்ளரை நீட்டினேன். அவருக்குப் பிடிக்க வரவில்லை, விரல்கள் விரிந்து விரிந்து போயின. அவர் விரல்களை டம்ளரைச் சுற்றி நான்தான் மூடிவிட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் மூடினேன்.